விலை இல்லாத கறிவேப்பிலை

செல்லக்கனி அக்காவின் காய்கறிக் கடையில் புதிதாக ஒரு போன் வந்து உட்கார்ந்தது. இனி வீட்டிலிருந்தே ஆர்டர் போடலாம். அக்கா கட்டி வைப்பாள், வந்து பையை எடுத்துக்கொண்டு போனால் போதும். போனுக்கு ஒரே பெருமை.

காய் வாங்குகிறவர்களுக்கு அக்கா கொசுறாகக் கொடுக்கும் கறிவேப்பிலை, ஈரச் சாக்கில் கிடந்தபடி மெல்லக் கேட்டது: "என் பேரு உன்கிட்ட இருக்கா?"

"தேடிட்டேன். உனக்கு விலையே இல்ல. விலை இல்லாததை நான் எப்படி ஏத்துறது?" என்றது போன்.

கறிவேப்பிலைக்கு முகம் வாடிவிட்டது.

சாயங்காலம் முதல் ஆர்டரை வாங்க ரெஜினா வந்தாள். பையைத் திறந்து பார்த்தாள். கத்தரிக்காய், தக்காளி, முருங்கைக்காய் என்று கேட்டதெல்லாம் இருந்தது. ஆனாலும் அவள் நகரவில்லை.

"என்ன ரெஜினா, ஏதும் குறையுதா?" என்றாள் அக்கா.

"குறையலக்கா..." ரெஜினா தயங்கினாள். "என் மேல ஏதும் கோவமா?"

அக்கா விழித்தாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, கறிவேப்பிலையை அள்ளிப் பையில் திணித்தாள். "அடியே, உன் மேல எனக்கென்னடி கோவம்! போன் சொன்னதை மட்டும் பார்த்துக் கட்டினேனா, மறந்தே போச்சு."

ரெஜினா சிரித்துக்கொண்டே கிளம்பினாள்.

போனுக்கு ஒன்றும் புரியவில்லை. பையிலிருந்து தலையை நீட்டிய கறிவேப்பிலையை அவசரமாகக் கூப்பிட்டது.

"கோவம் இல்லைன்னா எத்தனை கிராம்? சொல்லிட்டுப் போ, ஏத்திக்கிறேன்."

"கிராமெல்லாம் கிடையாது," வாசலைத் தாண்டும்போது கறிவேப்பிலை சொன்னது. "அக்கா கைக்கு வந்த அளவு."