கோட்டின் கறுத்த முனை

மாப்பிள்ளை இன்னும் காருக்கும் மதிலுக்கும் நடுவில்தான் இருந்தார்.

இடுப்புக்குக் கீழே காரின் மூக்கு. இடுப்புக்கு மேலே அவர். உயிரில்லாத தலை பானெட்டின் மேல் கவிழ்ந்து கிடந்தது. மதிலில் நாலு செங்கல் பெயர்ந்து விழுந்திருந்தது. அவருடைய ஒரு செருப்பு மட்டும் எகிறிப் போய், யாரோ எடுத்து வைத்த மாதிரி மதில்மேல் உட்கார்ந்திருந்தது.

காலை மணி பத்து இருபது.

பௌதிக டீச்சர் ஸ்டியரிங்குக்கு முன்னாலிருந்து இறங்கிக் கதவைச் சாத்தினார். ஏட்டு வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"ஓட்டினது நான்தான்."

ஏட்டுக்கு மனசு கேட்கவில்லை. பெண் கொடுத்த மாமியார். வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான். அந்தக் கைகளுக்கு இப்படி ஒரு பழி.

மாடி வீட்டுக்காரர் கூப்பிடாமலே சாட்சிக்கு வந்திருந்தார். காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு கண்ணால் கண்டதாகச் சொல்கிற ஆள்.

"கீச்சுன்னு சத்தம் சார். ஷெட்டுலேர்ந்து வண்டி வந்திருக்கு, இவரு குறுக்க நின்னிருக்காரு. டீச்சர் எப்படி பிரேக் போட்டிருக்காங்க பாருங்க. தரையிலயே எழுதியிருக்கே."

எழுதித்தான் இருந்தது. சிமெண்டுத் தரையில், ஷெட்டிலிருந்து மதிலைப் பார்த்து, இரண்டு கறுப்புக் கோடுகள்.

ஏட்டு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். பிரேக் போட்டும் நிற்கவில்லை.

"பயப்படாதீங்கம்மா. இது கைதவறின கேஸு. சாயங்காலமே வீட்டுக்கு வந்துடலாம். வேணும்னே ஏத்தினாத்தான் கொலை."

டீச்சர் அப்போதுதான் அந்தக் கோடுகளைப் பார்த்தார்.

பார்த்த கண்ணை அதன்பிறகு எடுக்கவில்லை.

நிற்கப் போகிற வண்டி முதலில் லேசாகத்தான் தேய்க்கும். போகப் போக அழுத்தும். நின்ற இடத்தில்தான் கோடு கன்னங்கரேலென்று இருக்கும். பாயப் போகிற வண்டிக்கு எல்லாம் நேர்மாறு. சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று ரப்பரைத் தீய்க்கும், கறுப்பெல்லாம் அங்கேதான். வேகம் ஏற ஏறக் கோடு வெளுத்துக்கொண்டே வரும்.

முப்பத்திரண்டு வருஷமாகக் கரும்பலகையில் படம் போட்டு நடத்திய பாடம்.

இந்தக் கோடு ஷெட்டு வாசலில் தார் கொட்டினாற்போல இருந்தது. மாப்பிள்ளை நின்ற இடத்துக்குப் பத்தடி முன்னாலேயே காணாமல் போயிருந்தது. பிரேக் போட்ட தடம் ஒரு விரற்கடைகூட இல்லை.

டீச்சர் நகர்ந்து போய் அந்தக் கறுத்த முனைமேல் நின்றுகொள்ளலாமா என்று நினைத்தார்.

அதற்குள் வண்டிப் பரிசோதகர் வந்துவிட்டார்.

ஒல்லியான மனிதர். வந்ததும் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, காரையும் பார்க்கவில்லை. ஷெட்டு வாசலில் குத்த வைத்து உட்கார்ந்து, கறுப்பை விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு கோட்டோடு கூடவே மதில் வரைக்கும் நடந்து போனார். திரும்பி வரும்போது வீட்டு வாசற்படியில் நின்றார்.

படியில் ஒரு கொத்து முடி கிடந்தது. வேரோடு. பக்கத்தில் ஒரு தோல் பெல்ட்.

அவர் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். டீச்சரின் மகள் நாற்காலியில் இருந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. பெண் போலீஸ் ஒருத்தி அவள் தாடையில் ஐஸ் கட்டியை ஒற்றிக்கொண்டிருந்தாள். புருஷன் அடி தாங்காமல் பிறந்த வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. காலையில் மாப்பிள்ளை வந்து அவளை முடியைப் பிடித்துச் சமையலறையிலிருந்து முற்றம் வரை இழுத்து வந்ததை மாடி வீட்டுக்காரர் மூச்சு விடாமல் சொல்லி முடித்திருந்தார்.

பரிசோதகர் டீச்சரிடம் வந்தார்.

"பௌதிகம் நடத்துறீங்களாமே. இது என்ன கோடும்மா?"

பொய் சொன்னால் இந்த ஆள் அடுத்து எந்த ஜன்னலைப் பார்ப்பார் என்று டீச்சருக்குத் தெரிந்தது.

"முடுக்கம்."

"எந்தத் திசையில?"

டீச்சர் மதிலைக் காட்டினார். "அவரைப் பாத்து."

ஏட்டின் பேனா நின்றது. "அம்மா, யோசிச்சுப் பேசுங்க."

"யோசிச்சாச்சுப்பா. எம் பொண்ணப் போட்டு அடிச்சாரு. குறுக்க வந்து நின்னாரு. மிதிச்சேன். எழுதிக்க."

ஏட்டு முன்பு எழுதின வரியை அடித்தார். ஒரு தடவை அடித்தது போதாதென்று இன்னொரு தடவையும் அடித்தார். மாடி வீட்டுக்காரர் சத்தமில்லாமல் படியேறிப் போய்விட்டார்.

ஜீப்பில் ஏறும்போது டீச்சர் வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். நாலு விரலிலும் நகக்கீறல், ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது.

ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்த மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தபோது பட்டது. அவளை இறக்கி உள்ளே அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். ஜீப் சத்தம் கேட்க அதன்பிறகு கால் மணி நேரம் ஆனது.

"பிரேக்தாம்மா போட்டேன், நிக்கல" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே போனாள் மகள்.

கோட்டைப் பார்க்கிற வரைக்கும் டீச்சர் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தார்.