பாதி வாடகை அறை

"உங்க ரெட்டைப் பிள்ளைகளுக்கு ரோலர் கோஸ்டரே தாலாட்டு பாடும் மாப்பிள்ளை. ஜன்னல்ல எட்டிப் பாத்துப் போர்வையும் போத்திவிடும்" என்றார் மாமனார், ஹோட்டல் அறைச் சாவியைச் சுழற்றியபடி. ஓய்வு பெற்றதிலிருந்து அவர் கதை அளக்காத நாளில்லை.

கேளிக்கைப் பூங்காவை ஒட்டிய அந்த அறைக்குப் பாதி வாடகை ஏன் என்பது உள்ளே போனதும் புரிந்தது. ரோலர் கோஸ்டர் தடதடவென்று கடந்ததில் மேஜைத் தம்ளரே நடுங்கியது.

மாப்பிள்ளை தலையில் கை வைத்தார். "போன தடவை பூனை நடந்தாக்கூடக் கேக்கிற ஹோட்டல். அங்கேயே ரெண்டும் விடிய விடிய அலறி, பக்கத்து அறைக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க. இங்க கேக்கவே வேண்டாம்."

"கொஞ்சம் பொறுங்க" என்றார் மாமனார்.

அரை மணி நேரத்தில் கைக்குழந்தைகள் இரண்டும் அடித்துப்போட்டதுபோல் தூங்கின. பக்கத்தில் அவர்களின் அம்மாவும்.

"உங்க வீடு தண்டவாளத்தை ஒட்டி இருக்கு. பொறந்ததுலேர்ந்து ரயில் சத்தத்துல தூங்குற பிள்ளைங்க, அமைதியைக் கண்டா பயப்படாதா?" என்றார் மாமனார்.

வரவேற்பறையிலிருந்து போன் வந்தது. "சத்தத்துக்கு மன்னிக்கணும் சார். அதே வாடகைக்கு அமைதியான அறை ஒண்ணு காலியாயிருக்கு, மாத்தித் தரட்டுமா?"

"வேண்டாம்மா" என்று மாப்பிள்ளை கிசுகிசுத்தார். "இங்க ரோலர் கோஸ்டர் தாலாட்டு பாடுது. நானே கண்ணால பாத்தேன்."