நலம் விரும்பியின் நடை

கடைசி வரியையும் அடித்துவிட்டு அவள் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் ஒரு வட்டம் சுற்றியது. நின்றது.

சால்வை போர்த்திய அதே பெரியவர். தடித்த மூக்குக்கண்ணாடி. எண்பத்தேழு சதவீதம் இவரைப் போல எழுதுகிறீர்கள் என்றது இணையதளம்.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் அறையில் அவளுக்கும் இவரேதான் வந்தார். வேதியியல் டீச்சர் ரெஜினா அந்தத் தளத்தைக் கண்டுபிடித்து வந்திருந்தாள். நாம் எழுதியதைப் போட்டால் எந்தப் பெரிய எழுத்தாளரின் நடை என்று சொல்லிவிடும். ஆளாளுக்குப் போட்டார்கள். ரெஜினாவுக்குத் துப்பறியும் கதை எழுதுகிறவர். கணக்கு சாருக்குக் காதல் கவிஞர். அறையே சிரித்தது.

அவள் பள்ளி ஆண்டு மலருக்கு எழுதிய கட்டுரையைப் போட்டாள். எப்போதோ மறைந்துபோன இந்த நாவலாசிரியர் வந்தார். இந்தக் காலத்தில் இப்படி எழுத நீங்கள் ஒருத்திதான் இருக்கிறீர்கள் என்று ரெஜினா கேலி செய்தாள்.

இன்று ஞாயிறு. இன்று போட்டது அவள் எழுதியதல்ல.

ஒரு மொட்டைக் கடிதம்.

பதினான்கு வருடங்களாக பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. பரிதிவாணன் என்பவர் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன இரண்டாம் வாரம் அவர் வீட்டுக்குத் தபாலில் வந்தது. அவரே அதைப் பள்ளி வாசலுக்குக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

அதற்கு முன் இரண்டு சம்பந்தங்கள் காரணம் சொல்லாமல் நின்றுபோயிருந்தன. காரணம் அன்று தெரிந்தது. அதன்பின் அவள் யார் முன்னாலும் போய் நிற்கவில்லை.

‘இப்பெண்ணுக்கு வலிப்பு நோய் உண்டு. அதை மறைத்துத் திருமணம் செய்து வைக்கப் பார்க்கிறார்கள். ஒரு நல்ல குடும்பம் கெட்டுப் போகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இப்படிக்கு, நலம் விரும்பி.’

எழுத்துகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. பழக்கமில்லாத கையால் எழுதியது போல.

சித்தப்பாதான் என்றார் அப்பா. கொல்லை வேலித் தகராறு அப்போது நடந்துகொண்டிருந்தது. அன்றோடு போக்குவரத்து நின்றது. போன வருடம் சித்தப்பா இறந்தபோது அவளும் போகவில்லை. தெரு வழியாகப் பாடை போனது. ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

யாருடைய நடை இது என்று சும்மா பார்க்கத்தான் அடித்தாள்.

தளம் எல்லோருக்கும் இந்தப் பெரியவரையே காட்டுகிறதோ?

செய்தித்தாளில் ஒரு பத்தியைப் போட்டாள். வேறொருவர் வந்தார். தலைமையாசிரியரின் சுற்றறிக்கை. வேறொருவர். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கட்டுரை, பக்கத்து வீட்டு வாட்ஸ்அப் செய்தி. வேறு, வேறு.

மறுபடி கடிதத்தைப் போட்டாள்.

சால்வை. கண்ணாடி.

என்னைப் போல வேறு யார் எழுதுவார்கள்?

கேட்ட மாத்திரத்தில் திரையை அணைத்தாள்.

அவள் எழுதக் கற்றது பள்ளியில் அல்ல. சர்க்கரை ஆலையில் தலைமை எழுத்தராக இருந்த அப்பாவிடம். விடுதியிலிருந்து வாராவாரம் அவள் போடும் கடிதங்கள் சிவப்பு மையோடு திரும்பி வரும். விட்டுப்போன ஒற்றுகளை எல்லாம் போட்டிருப்பார். வேண்டாத சொல்லை அடித்திருப்பார். அப்படித்தான் அவள் தமிழாசிரியை ஆனாள்.

கடிதத்தை எடுத்துத் திருத்தும் தாளைப் போல வாசித்தாள்.

மறைத்துத். வைக்கப். போகக்.

ஓர் ஒற்றுகூட விடுபடவில்லை.

சித்தப்பா நான்காம் வகுப்போடு நின்றவர். அவர் அனுப்பிய கல்யாணப் பத்திரிகை உறைகளில் அவள் பெயரையே தப்பாக எழுதியிருப்பார்.

பதினான்கு வருடம். எத்தனை ஆயிரம் தாள் திருத்தியிருப்பாள். இந்த ஒரு தாளை அழாமல் வாசித்ததில்லை. அதனால் பார்க்கவில்லை.

உள்ளறையில் அப்பா இருமினார். கஞ்சி நேரம்.

பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. பேச்சு குழறும். ஆனாலும் புரியும். காலையில்கூட மின்விசிறியைக் குறைக்கச் சொன்னார். அம்மா இறந்த வருடத்தில்தான் அவளுக்கு முதல் வரன் வந்தது. அப்போதிருந்து இந்த வீட்டில் இவர்கள் இருவர்தான்.

தலையணையை முதுகுக்கு வைத்து அவரை நிமிர்த்தினாள். கழுத்தில் துண்டைச் சுற்றினாள். ஊதி ஊதி ஊட்டினாள். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்று தலையசைத்தார்.

பாதிக் கிண்ணம் காலியானது.

“அப்பா, எனக்கு எப்பவாவது வலிப்பு வந்திருக்கா?”

அவர் அவளைப் பார்த்தார்.

ஏன் இப்படிக் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. இல்லை என்று தலையசைக்கவும் இல்லை.

அவள் காத்திருந்தாள். தெருவில் ஒரு ஸ்கூட்டர் உதைத்து உதைத்துக் கிளம்பாமல் நின்றது. கஞ்சியில் ஆடை படிந்தது.

அவர் பார்வையைத் தாழ்த்தினார்.

பிறகு, அடுத்த கரண்டிக்காக வாயைத் திறந்தார்.