வெளிநாட்டு வகை

மலையூர் வீட்டுத் தோட்டப் போட்டிக்கு இந்த வருஷமும் நடுவராக வந்த தாவரவியல் பேராசிரியர் ஏகாம்பரம், ரெஜினா டீச்சர் வீட்டு வாசலில் அந்தச் செடியைக் கண்டதும் நின்றுவிட்டார். போன வருஷம் அது தரையோடு கிடந்த வெறும் இலைக்கொத்து. கம்பளிபோல் மெத்தென்றிருந்த இலையை அன்று தடவிப் பார்த்தவருக்குப் பெயர் பிடிபடவில்லை. தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய், "அபூர்வமான வெளிநாட்டு வகை" என்றது. முதல் பரிசும் கொடுத்துவிட்டார். இப்போது அது அவரைவிட ஒரு முழம் உயர்ந்து, உச்சியில் மஞ்சள் பூவோடு நின்றது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குப்பைமேட்டில் மண்டிக் கிடக்கும் அதே களை. டீச்சர் சுற்றிலும் வேலி போட்டு, அவர் சொன்னதை அவர் பெயரோடு பலகையில் எழுதி வைத்திருந்தார்.

ஏகாம்பரம் குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், இது வந்து... களைம்மா."

"தெரியும் சார். போன வருஷமே தெரியும். எங்க மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிடும்."

"அப்புறம் ஏன் புடுங்கிப் போடல?"

"அத்தனை பேர் முன்னாடி நீங்க சொல்லிட்டீங்களே, எப்படி சார் புடுங்குறது?"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி, இது நமக்குள்ள இருக்கட்டும். அடுத்த வீட்டைப் பாப்போம்."

டீச்சர் தயங்கினார். "அவங்களும் பரிசுக்காகக் குப்பைமேட்டுல தோண்டிட்டு வந்து நட்டிருக்காங்க சார். தெரு பூரா."

அடுத்த வீட்டு மதிலுக்கு மேலே, பதினோரு மஞ்சள் தலைகள் வரிசையாக அவரை எட்டிப் பார்த்தன.