பின் விளக்கு

கரும்பு ஏற்றும் டிரெய்லருக்குப் பின் விளக்கு மாட்ட வேண்டும் என்று வரதப்பன் டிராக்டரோடு வந்து நின்றபோது, பட்டறைக்காரர் சவரிநாதன் பின்பலகையில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார். போன கரும்பு வெட்டின்போது, இரவில் விளக்கில்லாமல் சாலையோரம் நின்ற இதே டிரெய்லரில் மோதித்தான் அவருடைய மகளின் கணவன் செத்துப்போனான். வழக்குக்கு வந்ததெல்லாம் டிரைவர்தான். உரிமையாளரான வரதப்பனை அவர் அதுவரை பார்த்ததில்லை. வரதப்பனுக்கும் இவர் யாரென்று தெரியவில்லை.

"விளக்கு இல்லாம ஆலைக்குள்ள விடமாட்டேங்கறாங்க," என்றார் வரதப்பன். "சும்மா பேருக்கு எரிஞ்சாப் போதும்."

 சவரிநாதன் டிராக்டரிலிருந்து ஒயரை இழுத்து, அடிச்சட்டத்தோடு சேர்த்துக் கட்டி, இரண்டு பக்கமும் பல்பைப் பொருத்தினார். 

மதியச் சாப்பாடு கொண்டுவந்த மகள் பிலோமினா டிரெய்லருக்குப் பின்னால் வந்ததும் நின்றுவிட்டாள். அவளும் அந்த எண்ணைப் படித்துவிட்டாள்.

"நீ வீட்டுக்குப் போம்மா," என்றார் சவரிநாதன் தாழ்ந்த குரலில். அவள் போகவில்லை.

வரதப்பன் இருக்கையில் ஏறி பிரேக்கை மிதித்தார். உச்சிவெயிலில் விளக்கு எரிகிறதா என்றே தெரியவில்லை. பிலோமினா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் விளக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே பார்த்தாள். விரலிடுக்குகள் சிவந்தன.

"எரியுதாம்மா?" என்று முன்னாலிருந்து கேட்டார் வரதப்பன்.

"எரியுதுங்க."

"அப்ப காலை எடுத்துரட்டுமா?"

"எடுக்காதீங்கண்ணா," என்றாள் அவள். "கொஞ்ச நேரம் எரியட்டும்."