நானூற்றுப் பன்னிரண்டாவது வரிசை

"ஒரு சட்டைக்கு ரெண்டு கை, ரெண்டு நீளமாடா?"

மாப்பிள்ளை என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அவன் விரல் திரையில் 412ஆவது வரிசையின் மேல் இருந்தது.

சாம்பல் நிற ஹூடி. விலை, கடையின் இணைப்பு, மூன்று படங்கள், அளவுகள். கை நீளம் என்ற கட்டத்தில் மட்டும் 24, 22½ என்று இரண்டு எண்கள்.

"அந்த லாட்டே அப்படித்தாண்ணே வந்திருக்கு" என்றேன்.

அவன் பெயர் வேறு. தேய்த்த சட்டையும் சென்ட்டுமாக, பெண் பார்க்க வந்தவன் போலத் தினமும் காலையில் வந்து கதவைத் திறப்பான். அதனால் எங்களுக்குள் மாப்பிள்ளை. அவன் வந்து திறந்தால்தான் உண்டு. பூட்டு வெளிப்பக்கம்.

வெளிநாடு, கம்ப்யூட்டர் வேலை, தங்க இடம் என்றுதான் சொல்லி அழைத்து வந்தார்கள். மூன்றும் பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஒன்பது பேர், ஒன்பது கம்ப்யூட்டர், நடுவில் துணி அளக்க ஒரு நீள மேசை. தங்க இடம் என்பது அந்த மேசைக்கு அடியில். ஜன்னலை அட்டைப்பெட்டிகள் அடுக்கி மறைத்திருந்தார்கள். எங்கள் பாஸ்போர்ட்டெல்லாம் மாப்பிள்ளையின் பீரோவில். வந்த அன்று வண்டிக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. எட்டு மாதம் ஆகிறது, எந்தத் தெருவில் இருக்கிறோம் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

மலிவான ஹூடி, தொளதொள பேன்ட், படகு மாதிரி ஷூ, இவற்றை விற்கும் கடைகளைத் தேடிப் பிடித்து, இணையத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கிற ஒரு ஷீட்டில் ஏற்ற வேண்டும். சாம்பிள் வந்தால் மேசையில் விரித்து, டேப் வைத்து அளந்து எண்களைப் போட வேண்டும். நம் பிள்ளைகள் அங்கே ஊரில் உட்கார்ந்து அந்த ஷீட்டைப் பார்த்து வாங்குவார்கள்.

எனக்கு இது புதிதில்லை. காலேஜ் போகிற என் அக்கா மகள் இந்த மாதிரி ஷீட்டுகளே கதி என்று கிடப்பாள். விலை குறைந்தது முதலில் வரும்படி மாற்றிவைத்துத்தான் பார்ப்பாள். பத்து வரிசைக்குக் கீழே அவள் இறங்கி நான் பார்த்ததில்லை. அளவெடுக்கவும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அக்கா தையல்காரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவிடம் ஐந்து நிமிடம் பேசலாம். ஸ்பீக்கரில், மாப்பிள்ளை பக்கத்தில் நிற்க. நல்லா இருக்கேன்க்கா என்று சொல்லிச் சொல்லி எனக்கே அந்த வார்த்தை கசந்துவிட்டது. நான் நன்றாக இல்லை என்பது அவளுக்கு ஒருமுறை தெரிந்தால் போதும். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

எழுதிவிடவும் முடியாது. குறிப்பு என்ற கட்டத்தை மாப்பிள்ளை ஓர் எழுத்து விடாமல் படிப்பான். பக்கத்து நாற்காலிக்காரன் அதில் 'காப்பாற்றுங்கள்' என்று எழுதினான். மறுநாள் அந்த நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான்.

மாப்பிள்ளை என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கி ஷீட்டை உருட்டினான். 530இலும் அதே இரண்டு எண்கள். 618இலும்.

"விலையையும் எதுக்குடா அடிமாட்டு விலைக்குப் போட்டிருக்க?"

"கை கோணலா இருக்கே, வேற எவன்ணே வாங்குவான்?"

மூன்றையும் அவன் கண்ணெதிரே அழிக்கச் சொன்னான்.

618ஐ அழித்தேன். 530ஐ அழித்தேன். ஒரு வரிசை போனால் கீழே இருப்பது மேலே ஏறி, அப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் போய்விடுகிறது. அழுகை வந்தது. இருமுவதுபோல் சமாளித்தேன்.

412க்கு வந்தபோது அதன் ஓரத்தில் மஞ்சளாக ஒரு குறி முளைத்தது. ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் யாரோ கேள்வி கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளை குனிந்து சத்தமாகவே படித்தான்.

'412 இருநூறு பீஸ் வேண்டும். கடைக்கு எடுக்கிறோம். நேரில் வந்து பார்த்துத்தான் எடுப்போம். இடம் எங்கே? வலது கை குட்டையாக இருப்பது பரவாயில்லை.'

அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கோணல் கைக்கும் ஒரு கூட்டம் இருக்குதேடா என்று என் முதுகில் தட்டினான். பிறகு மூலைக்குப் போய் மேலிடத்துக்குப் போன் போட்டான். இருநூறு என்ற வார்த்தையை மூன்று முறை சொன்னான்.

திரும்பி வந்து, "அழிக்காத. பதில் போடு" என்றான்.

கட்டட எண் சொன்னான். தெரு சொன்னான். ஊர் சொன்னான். கீழே கிடங்கு, கேட்டில் வந்து போன் செய்தால் போதும் என்றான். நான் ஒவ்வொன்றாகத் தட்டினேன். எட்டு மாதமாக எங்கே இருக்கிறேன் என்பதை அவன் வாயாலேயே தெரிந்துகொண்டேன். ஓர் எழுத்தும் தப்பிவிடக் கூடாது என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

அனுப்பும் பொத்தானை அவனே அழுத்தினான்.

எது வலது, எது இடது என்று நான் எந்த வரிசையிலும் எழுதவில்லை. வெறும் இரண்டு எண்கள்தான் போட்டிருந்தேன்.

ஒன்பது வயதில் மரத்திலிருந்து விழுந்து ஒடிந்து, கோணலாகச் சேர்ந்த என் வலது கை ஒன்றரை அங்குலம் குட்டை. சட்டையை மடித்துவிட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. எனக்குச் சட்டை தைக்கிறவளுக்குத் தெரியும்.