தேத்தண்ணிக்கு ஒரு டிக்

"என் தராசப் பூட்டுறதுக்கு நீங்க யாரு?"

தம்புள்ளையில மரக்கறி மொத்த யாவாரம் பண்ற சண்முகராஜா முதலாளி, மாத்தளையில இருக்கிற எங்க ஆபிசுக்குள்ள போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னாரு. நான் அங்க தேத்தண்ணி ஊத்துறவன்.

"பத்து மணிக்கு லொறி வரிசையா நிக்கிது. இந்தப் போன் ‘தேத்தண்ணி நேரம்’னு பேசிட்டுக் கால் மணித்தியாலம் நிறுக்க மாட்டேங்குது. மூட்டை தூக்குற நாட்டாமிமாரு மூட்டை மேலயே உக்காந்துக்கிறானுக. கேட்டா, போனே சொல்லுது முதலாளிங்கிறானுக."

எங்க பொஸ் தர்மேந்திரன், கொம்பியூட்டர் முன்னால இருந்த நிப்லாவப் பாத்தாரு. பார்வையிலயே கறி வச்சிருவாரு.

எங்க ஆபிசுல செய்யிற, நிறுக்கிற ஆப் ஒண்ணுதான். அதையே தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து நிறுக்க ஒரு மாதிரி, தம்புள்ளைக்கு மரக்கறி நிறுக்க ஒரு மாதிரின்னு வெட்டித் தைச்சுக் குடுப்பாங்க. யாருக்கு என்ன வேணும்ங்கிற லிஸ்ட் நிப்லா கையில. எல்கடுவ தோட்டம் கேட்ட தேத்தண்ணி நேரத்துக்குப் புள்ள ‘எல்லாருக்கும்’னு டிக் போட்டுருச்சு. எல்லார் போனுக்கும் போயிருச்சு.

"தவறிட்டேன் சேர்."

"இப்பவே எடு. இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராத"ன்னாரு பொஸ்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. விடிய முன்ன இருந்து முதுகு ஒடியத் தூக்குறவன் கால் மணித்தியாலம் குந்தினா கத்தரிக்கா என்ன அழுதுருமா? இந்த முதலாளி மட்டும் வந்த ஒடனே "பால் கூடப் போட்டு ஒரு டீ"ங்கிறாரு. கொண்டாந்து வச்சேன். மனசில்லாமத்தான்.

நிப்லா லிஸ்டைத் தொறந்திச்சு.

"எடுக்கிறேன் முதலாளி. ஆனா யாரு எடுக்கச் சொன்னது, என்ன காரணம்னு இந்தப் பெட்டியில எழுதணும். ஆப் வச்சிருக்கிற அம்புட்டுப் பேரும் வாசிப்பாங்க."

"எழுதித் தொலை."

"பேரு சண்முகராஜா. காரணம்?"

"நேரம் வீணாகுது."

"எதுலன்னு கேக்கும். நாட்டாமிமாரு தேத்தண்ணி குடிக்கிறதுலன்னு போடவா?"

முதலாளி வாய்க்கிட்ட கொண்டு போன கோப்பை அப்பிடியே நின்னுச்சு.

"அப்பிடிப் போடாத புள்ள."

"நாலு மணியில இருந்து தூக்கினாலும் அவங்களுக்குக் களைக்காதுன்னு போடவா?"

"என்ன, நக்கலா?"

"இல்ல முதலாளி. பெட்டி காலியா இருந்தா அழியாது. நீங்களே சொல்லுங்க, அப்பிடியே அடிக்கிறேன்."

அவரு யோசிச்சாரு. கூரையைப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. நான் தட்டைப் பாத்தேன்.

"பத்து நிமிசமாக் குறை."

"குறைக்கவும் காரணம் கேக்கும்."

"சரி, இருந்து தொலையட்டும்." டீயப் பாதியில வச்சிட்டு எந்திரிச்சிட்டாரு. பொஸ் அவரு பின்னாலேயே வாகனம் வரைக்கும் ஓடினாரு.

நான் கோப்பையை எடுக்கப் போனேன். நிப்லா லிஸ்ட்ல வேற எதையோ அழிச்சுக்கிட்டு இருந்திச்சு. காரணப் பெட்டி வெறுமையா கெடக்கு. விரலால ஒரு தட்டுத் தட்டினிச்சு, அந்த வரி காணாமப் போயிருச்சு.

"ஏம்மா, இதுக்குக் காரணம் கேக்கலயா?"

நிப்லா வாசல ஒரு தரம் எட்டிப் பாத்துச்சு.

"அது எதுக்குமே கேக்காது அண்ணே."